பேசிக்கொள்ளாமலே ஓர் அணி எப்படி ஒரே முடிவுக்கு வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஆட்டக் கோட்பாட்டில் (ஒருவர் முடிவின் பலன் மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைமைகளை ஆராயும் கணக்கு அது) ஒவ்வொருவரும் தனக்கு எது நல்லது என்று மட்டுமே கணக்குப் போடுகிறார். அப்படியிருக்க, பேசிக்கொள்ள வழியே இல்லாத நேரத்தில்கூட ஓர் அணி எப்படி ஒத்துப்போகிறது? எல்லோருக்கும் லாபம் ஒன்றேயானால் அது தானாக நடந்துவிடாதா?

தானாக நடக்காது. அதற்குக் கிரிக்கெட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த சாட்சி இருக்கிறது. 1999 ஜூன் 17, பர்மிங்ஹாமின் எட்ஜ்பாஸ்டன் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா எடுத்தது 213. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் இருந்தது ஒரே விக்கெட். லான்ஸ் குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு விரட்டிவிட்டார். ஸ்கோர் சமம். நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். மூன்றாவது பந்தில் மறுமுனையில் இருந்த ஆலன் டொனால்ட் கிரீஸைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டு, டேரன் லேமன் எறிந்த பந்து ஸ்டம்பில் படாததால் தப்பித்தார். நான்காவது பந்தை மிட் ஆஃப் பக்கம் தட்டிவிட்டு குளூஸ்னர் ஓடினார். டொனால்ட் நின்றார். பார்த்துச் சுதாரித்து, மட்டையைக் கீழே தவறவிட்டு, அவர் ஓடத் தொடங்கியபோது நேரம் கடந்திருந்தது. ஆட்டம் டை. முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸின் பட்டியலில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்குப் போனது.

இந்த நொடியை ஆட்டக் கோட்பாட்டின் கண்ணால் பாருங்கள். இருவரும் ஓடினால் வெற்றி. இருவரும் நின்றால் ஒன்றும் கெடவில்லை, இன்னும் இரண்டு பந்து மிச்சம். ஒருவர் ஓடி ஒருவர் நின்றால் எல்லாம் போச்சு. குளூஸ்னருக்கும் டொனால்டுக்கும் நடுவில் நலன் மோதல் என்று இம்மியளவும் கிடையாது. பேராசை இல்லை, துரோகம் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. ஆனாலும் தோற்றார்கள். ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ‘ஓடு-ஓடு’ என்பதும் ‘நில்-நில்’ என்பதும் இரண்டுமே நாஷ் சமநிலைகள். கணிதவியலாளர் ஜான் நாஷ் 1950இல் வரையறுத்தபடி, மற்றவர் இதைத்தான் செய்வார் என்று வைத்துக்கொண்டால் தன் தேர்வை மாற்றிக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லாத நிலை அது. நீ ஓடுவாய் என்றால் நான் ஓடுவதே சரி. நீ நிற்பாய் என்றால் நான் நிற்பதே சரி. இரண்டில் எது நடக்கும் என்பதற்குக் கோட்பாட்டில் பதில் இல்லை. கிரிக்கெட்காரர்கள் இதற்குக் கண்ட மருந்து, குரல் கொடுக்கும் மரபு: பந்து முன்னால் போனால் ஆடியவர் அழைப்பார், பின்னால் போனால் மறுமுனையில் நிற்பவர் அழைப்பார். அந்த மரபும் சில நொடிகளில் கைவிட்டுவிடும் என்பதைத்தான் எட்ஜ்பாஸ்டனில் பார்த்தோம்.

இப்போது இதைவிட எளிய ஆட்டம் ஒன்று. எளிமையாகத் தெரியும், ஆனால் நாற்பது ஐம்பது வருடமாக இந்தத் துறையைக் குடைந்துகொண்டிருப்பது இதுதான். பொருளாதார வல்லுநர் ராபர்ட் சக்டனும் தத்துவ ஆய்வாளர் நாட்டலி கோல்டும் கால்பந்தை வைத்துச் சொல்வார்கள். பந்து என் காலில். நான் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாஸ் கொடுக்கலாம். என் அணிக்காரர் அதே நொடியில் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓட வேண்டும். இருவரும் இடப்பக்கம் என்றால் கோல் விழ 10 சதவீத வாய்ப்பு. இருவரும் வலப்பக்கம் என்றால் 11 சதவீதம். ஆளுக்கு ஒரு பக்கம் போனால் பூஜ்யம். நான் எந்தப் பக்கம் பாஸ் கொடுக்க வேண்டும்?

வலப்பக்கம்தான், இதில் என்ன கேள்வி என்பீர்கள். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த விடையை வழக்கமான ஆட்டக் கோட்பாட்டிலிருந்து வரவழைத்துக் காட்டுங்கள், முடியாது. அதன் முறைப்படி நான் கேட்க வேண்டிய கேள்வி: ‘அவர் எந்தப் பக்கம் ஓடுவார்?’ அவர் வலப்பக்கம் ஓட 21இல் 10 பங்குக்கு மேல் வாய்ப்பிருப்பதாக நான் நம்பினால் வலப்பக்கம் கொடுக்கலாம். அவர் அப்படி ஓடுவார் என்று நான் ஏன் நம்ப வேண்டும்? அவரும் புத்திசாலி, ஆகவே நான் எந்தப் பக்கம் கொடுப்பேன் என்று நம்புகிறாரோ அதைப் பொறுத்து ஓடுவார். நான் எந்தப் பக்கம் கொடுப்பேன்? அதைத்தானே முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேள்வி சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. ‘இட-இட’ என்பதும் சமநிலைதான். இருவரும் இடப்பக்கத்தை எதிர்பார்த்தால் இருவரும் இடப்பக்கமே போவார்கள், இருவர் பேரிலும் தர்க்கப் பிழை எதையும் சுட்ட முடியாது. புத்தி குறைந்தவர்கூட நொடியில் தீர்க்கும் புதிரைப் பரிபூரண புத்திசாலிக்கான கோட்பாடு தீர்க்கத் திணறுகிறது. இதை ஹை-லோ ஆட்டம் என்பார்கள்.

ஜான் ஹர்சானியும் ராய்ன்ஹார்ட் செல்ட்டனும் (1994இல் நாஷுடன் நோபல் பகிர்ந்தவர்கள்) 1988இல் பல சமநிலைகளிலிருந்து ஒன்றைத் தேர்வது பற்றியே பெரிய நூல் எழுதினார்கள். ஒரு சமநிலை மற்றதைவிட எல்லோருக்கும் கூடுதல் லாபம் தருமானால் அறிவுள்ளவர்கள் அதைத் தேர்வார்கள் என்பது அதில் ஒரு விதி. விதி சரிதான். ஆனால் தனிமனிதக் கணக்கிலிருந்து அது பிறக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. விடை தெரிந்த பிறகு எழுதிய விதி என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இங்கே பலரும் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ‘ஆட்டக் கோட்பாடு மனிதனைச் சுயநலக்காரனாகப் பார்க்கிறது, அதனால்தான் இந்தச் சிக்கல். கொஞ்சம் பரந்த மனசைச் சேர்த்தால் சரியாகிவிடும்.’ ஆகாது. கால்பந்து எடுத்துக்காட்டில் சுயநலம் எங்கே இருக்கிறது? இருவரின் லாபமும் ஏற்கெனவே ஒன்றுதான். நான் என் லாபத்தை விட்டுவிட்டு முழுக்க முழுக்க அவருடைய லாபத்துக்காகவே ஆடினாலும் கணக்கு அட்டவணையில் ஓர் எண்கூட மாறாது. வாசலில் எதிரெதிரே நின்று ‘நீங்க போங்க’, ‘இல்லை, நீங்க போங்க’ என்று மல்லுக்கட்டும் இரண்டு மரியாதைக்காரர்களுக்குக் குறைவது நல்ல மனசு அல்ல. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும்: ஒருங்கிணைவது என்பது ஆசையை மாற்றும் வேலையல்ல, கேள்வியை மாற்றும் வேலை.

எந்தக் கேள்வியை? ‘அவர் என்ன செய்வார், அதற்கு ஏற்றபடி நான் என்ன செய்யட்டும்?’ என்பதை விட்டுவிட்டு, ‘நாம் இருவரும் சேர்ந்து என்ன செய்தால் நமக்கு நல்லது? அதில் என் பங்கு எது?’ என்று கேட்க வேண்டும். நம் முன்னே நான்கு சேர்க்கைகள்: இட-இட, வல-வல, இட-வல, வல-இட. நான்கில் சிறந்தது வல-வல. அதில் என் பங்கு வலப்பக்கம் பாஸ் கொடுப்பது. கொடுத்தேன். முடிந்தது கணக்கு. அவரும் அதே கேள்வியைக் கேட்டால் அவரும் அங்கே ஓடுவார். சுழல் இல்லை, ஏனென்றால் ‘அவர் என்ன செய்வார்’ என்ற கேள்வி கணக்கின் தொடக்கத்தில் நுழைவதே இல்லை. இதைத்தான் டீம் ரீசனிங், அணிச்சிந்தனை என்று சொல்கிறார்கள்.

இதன் விதையைப் போட்டவர்களில் ஒருவர் பொருளாதார வல்லுநரே அல்ல. டேவிட் ஹாட்ஜ்சன், பின்னாளில் ஆஸ்திரேலியாவில் நீதிபதியானவர். நன்மைகளின் கூட்டுத்தொகையை வைத்து அறத்தை அளக்கும் கொள்கையை விமர்சித்து 1967இல் எழுதிய நூலில், தனித்தனியாகக் கணக்கிடுவதும் எல்லோருக்கும் பொதுவான விதியைக் கணக்கிடுவதும் வேறுவேறு இடத்துக்குக் கொண்டுபோகும் என்று காட்டினார். முறையான கோட்பாடாக வளர்த்தவர்கள் இருவர். சக்டன் 1993இல் அணியாகச் சிந்திப்பது பற்றிய கட்டுரையை எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் பக்கராக் அதே பாதையில் இன்னும் ஆழமாகப் போனார். 2002இல் அவர் இறந்தபோது நூல் முடியவில்லை. கோல்டும் சக்டனும் குறிப்புகளைக் கோத்து 2006இல் வெளியிட்டார்கள்.

சக்டனுக்கும் பக்கராக்குக்கும் நடுவே உள்ள கருத்து வேறுபாடு வெறும் பண்டிதச் சண்டையில்லை. ஒருவர் ஏன் ‘நாம்’ என்று யோசிக்கத் தொடங்குகிறார் என்பதே கேள்வி. பக்கராக்கின் பார்வையில் அது ஒரு கண்ணாடி மாதிரி தானாக மாட்டிக்கொள்வது. நாம் ஒன்று என்ற சட்டகம் மனசில் எழுந்துவிட்டால் அணிச்சிந்தனை பின்னாலேயே வந்துவிடும். ‘இப்போது அப்படி யோசிக்கட்டுமா’ என்று யாரும் உட்கார்ந்து தேர்வு செய்வதில்லை. சூழ்நிலையே அதைத் தூண்டும். தனித்தனியே போனால் இருவரும் கெடுவோம், சேர்ந்தால் இருவரும் பிழைப்போம் என்ற அமைப்பு கண்ணுக்குத் தெரிந்தாலே போதும். சக்டன் இதைவிடக் கறாரானவர். மற்றவரும் இப்படித்தான் யோசிக்கிறார் என்ற உறுதி எனக்கு இல்லாதவரை அணியின் திட்டத்தில் என் பங்கைச் செய்ய எனக்குக் கடமை இல்லை என்பார். இருபக்கமும் அந்த உறுதி வேண்டும். அது அனுபவத்தில் பழகி வருவது. எட்ஜ்பாஸ்டனின் நான்காவது பந்தை நான் சக்டன் பக்கம் நின்றே பார்ப்பேன். இருவரும் ஒரே அணி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் முந்தைய பந்தில் மயிரிழையில் தப்பித்த பிறகு, ‘நாம் இப்போது ஓடுகிறோமா, நிற்கிறோமா’ என்பதில் பரஸ்பர உறுதி இல்லை.

பக்கராக் இந்த ஆட்சேபத்தை அறியாதவரல்ல. அணியில் எல்லோரும் ‘நாம்’ என்று யோசிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிலர் பழைய வழியிலேயே போவார்கள். அப்படிச் சிலர் நழுவக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே சிறந்த திட்டத்தைத் தேடும் எச்சரிக்கையான அணிச்சிந்தனை ஒன்றை அவர் வரைந்தார். இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை ஒரு பழைய சோதனையில் பொருத்திப் பார்க்கலாம்.

ஜான் வான் ஹைக், ரேமண்ட் பட்டாலியோ, ரிச்சர்ட் பெயில் ஆகியோர் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1990இல் வெளியிட்ட சோதனை அது. 14 முதல் 16 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணை ரகசியமாகத் தேர்வார்கள். எண் பெரிதானால் உங்கள் செலவு கூடும். ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் பலனைத் தீர்மானிப்பது குழுவிலேயே குறைந்த எண். எல்லோரும் 7 என்றால் ஆளுக்கு 1.30 டாலர். எல்லோரும் 1 என்றால் ஆளுக்கு 0.70 டாலர். நீங்கள் 7 எழுதி, யாரோ ஒருவர் 1 எழுதியிருந்தால் உங்களுக்கு 0.10 டாலர்தான். கடைசி ஆள் வரும்வரை தொடங்க முடியாத எந்தக் கூட்டு வேலையும் இந்த ஆட்டம்தான். முதல் சுற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 7 எழுதினார். 1 எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பத்தாவது சுற்றுக்கு வந்தபோது பெரும்பாலோர் 1க்கு இறங்கிவிட்டார்கள். ஒரு குழுவாவது மேலே நிற்கவில்லை. அதே ஆட்டத்தை மாறாத இருவர் இருவராக ஆடவைத்தபோது, பெரும்பாலான ஜோடிகள் 7க்கு ஏறிப்போய் அங்கேயே நிலைத்தன.

ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு மனிதரையும் 90 சதவீதம் நம்பலாம், அதாவது அவர் 7 எழுத 90 சதவீத வாய்ப்பு, இல்லையேல் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 எழுதுவது எனக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் மற்ற எல்லோரும் 7 எழுதும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டும்; மேலே உள்ள டாலர் கணக்கைப் போட்டால் சரியாக 50 சதவீதம் வரும். ஜோடியில் மற்றவர் ஒருவர்தான், 90 சதவீதம், தாராளம். 15 பேர் குழுவில் மற்ற 14 பேரும் உறுதியாக நிற்கும் வாய்ப்பு 0.9ஐப் பதினான்கு முறை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 23 சதவீதம். பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தக் குழு தேற வேண்டுமானால் ஒவ்வொருவரும் 95 சதவீதத்துக்கு மேல் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். மனிதர்கள் மாறவில்லை, நல்லெண்ணமும் குறையவில்லை, தலைகளின் எண்ணிக்கை மட்டும் கூடியது. எச்சரிக்கையான அணிச்சிந்தனை பெரிய குழுவில் ‘1 எழுது’ என்றே சொல்லும். அது கோழைத்தனமல்ல, அணிக்கே அதுதான் நல்லது. அலுவலகங்களில் நாற்பது பேரைக் கூட்டி ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று உரையாற்றும் மேலாளர்கள் இந்தப் பெருக்கல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உரையைவிட, நாற்பது பேரை நாலு நாலு பேராகப் பிரிப்பது வேலை செய்யும்.

இதுவரை பேசியதில் நல்ல பக்கம் எது என்பதில் சந்தேகமில்லை. வல-வல இட-இடத்தைவிட மேல். ஆனால் எல்லாச் சேர்க்கையும் சமமாக இருந்தால்? தாமஸ் ஷெல்லிங் 1960இல் வெளிவந்த நூலில் கேட்டது இதைத்தான். நியூயார்க்கில் நாளைக்கு ஒருவரைச் சந்திக்க வேண்டும். இடமும் நேரமும் பேசவில்லை, தொடர்புகொள்ள வழியுமில்லை. எங்கே, எத்தனை மணிக்குப் போவீர்கள்? அவர் கேட்டவர்களில் பெரும்பான்மையோர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தகவல் மேடையைச் சொன்னார்கள். நேரம் ஏறக்குறைய எல்லோருக்கும் நண்பகல் 12. அவர் கேட்டவர்கள் நியூ ஹேவன்காரர்கள், அவர்கள் ஊர் ரயில் வந்து நிற்கும் இடம் கிராண்ட் சென்ட்ரல். அது சோதனையின் குறையல்ல, சாரமே அதுதான்: ‘நம்மைப் போன்றவர்களுக்கு’ எது முதலில் கண்ணில் படும் என்பதுதான் விடை. இருவரும் ஒன்றையே சொல்ல வேண்டும், நாணயத்தில் தலையா பூவா என்று கேட்டபோது 42 பேரில் 36 பேர் தலை என்றார்கள். 2005இல் ராபர்ட் ஔமனுடன் அவருக்கு நோபல் கிடைத்தது.

தலை என்று சொன்னவர்களுக்குத் தலை பிடிக்கும், அவ்வளவுதான் என்று சிலர் வாதாடுவார்கள். ஜூடித் மேத்தா, கிறிஸ் ஸ்டார்மர், சக்டன் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இதை நேராகச் சோதித்தார்கள். ஒரு குழுவிடம், ‘ஏதேனும் ஓர் ஆண் பெயர் சொல்’ என்றார்கள். பெயர்கள் சிதறின, அவரவர் பெயர், அண்ணன் பெயர், நண்பன் பெயர். இன்னொரு குழுவிடம், ‘முகம் தெரியாத கூட்டாளி சொல்லும் பெயரையே நீயும் சொல்ல வேண்டும்’ என்றார்கள். இங்கிலாந்து மாணவர்கள் ஜான் என்ற பெயரில் போய்க் குவிந்தார்கள். தனக்குப் பிடித்ததை அவர்கள் சொல்லவில்லை. ‘பெயர் சொல்லச் சொன்னால் நாம் எல்லோரும் எந்த விதியைப் பின்பற்றினால் சந்திப்போம்?’ என்று கேட்டு, ‘மிகச் சாதாரணமான பெயர்’ என்ற விதியைக் கண்டுபிடித்தார்கள். அணிச்சிந்தனை இங்கே தேடுவது செயலை அல்ல, இருவரும் தனித்தனியாகவே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு விதியை.

சரி, நலன் மோதும் இடத்தில் என்ன ஆகும்? கைதிகளின் இக்கட்டு என்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் இருக்கிறதே, 1950இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட்டும் மெல்வின் டிரெஷரும் உருவாக்கி, ஆல்பர்ட் டக்கர் கைதிக் கதை சூட்டியது. தனித்தனியே விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளில் ஒவ்வொருவருக்கும், தனியாக யோசித்தால் மற்றவரைக் காட்டிக்கொடுப்பதே எப்போதும் லாபம். ‘நாம்’ என்று யோசித்தால் இருவரும் வாய் திறக்காமல் இருப்பதே மேல். ஆனால் இங்கே ஆசை காட்டும் விஷயம் ஒன்று இருப்பதால் மனம் இரண்டு சட்டகத்துக்கும் நடுவே ஊசலாடும் என்றார் பக்கராக். எந்தப் பக்கம் சாயும் என்பதை மிகச் சிறிய விஷயம்கூடத் தீர்மானிக்கலாம். வர்தா லிபர்மன், ஸ்டீவன் சாமுவேல்ஸ், லீ ராஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இதே ஆட்டத்துக்கு ‘சமூக ஆட்டம்’ என்று பெயரிட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துழைத்தார்கள். ‘வால் ஸ்ட்ரீட் ஆட்டம்’ என்றபோது மூன்றில் ஒரு பங்கினர்தான். பணம் அதே, விதி அதே, பெயர்ப்பலகை மட்டும் வேறு.

எனக்கு இதைவிடச் சுவாரசியமானது வின்சென்ட் கிராஃபோர்ட், யூரி நீசி, யுவல் ராட்டென்ஸ்ட்ரைக் 2008இல் வெளியிட்டது. சிகாகோவில் இருவர் பேசாமல் ஒரு கட்டடத்தைத் தேர்வு செய்ய வேண்டும்: நகரிலேயே உயரமான சியர்ஸ் டவரா (இன்று அதன் பெயர் வில்லிஸ் டவர்), அருகில் இருந்த ஏடி அண்ட் டி கட்டடமா? ஒத்துப்போனால் இருவருக்கும் தலா 100 டாலர் என்றபோது, பெரும்பாலோர் தயங்காமல் சியர்ஸ் டவர் என்றார்கள். பிறகு ஒரு டாலர் வித்தியாசம் வைத்தார்கள். ஒரு கட்டடத்தில் சந்தித்தால் உனக்கு 101, எனக்கு 100. மற்றதில் எனக்கு 101, உனக்கு 100. அவ்வளவுதான், ஒற்றுமை உடைந்தது. அணியின் மொத்தம் இரண்டு இடத்திலும் 201 டாலர்தான், ஆகவே ‘நாம்’ என்று யோசித்தால் சியர்ஸ் டவரைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்த ஒரு டாலர் ‘உனக்கு, எனக்கு’ என்ற கோட்டைக் கிழித்துவிட்டது. கோடு விழுந்தபின் ஒவ்வொருவரும் மற்றவர் மனதை ஊகிக்கும் பழைய சுழலுக்குள் திரும்பப் போனார்கள். ஒரு டாலருக்காக நூறு டாலரை இழந்தார்கள் என்று சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் பேராசையால் இழக்கவில்லை, கேள்வி மாறியதால் இழந்தார்கள்.

எல்லோரும் இந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு சொல்வது: ‘நாம்’ என்ற மர்மமெல்லாம் வேண்டாம், ஊகப் படிக்கட்டு போதும். அடிப்படியில் இருப்பவர் யோசிக்காமல் மனசுக்குப் பட்டதைத் தேர்வார். அடுத்த படியில் இருப்பவர், அடிப்படிக்காரர் எதைத் தேர்வார் என்று ஊகித்து அதற்கு ஏற்ப ஆடுவார். அதற்கடுத்தவர் கீழே உள்ளவர்களை ஊகிப்பார். காலின் கேமரர், டெக்-ஹுவா ஹோ, ஜுன்-குவான் சோங் 2004இல் இதை எண்ணில் வடித்தார்கள். கால்பந்து ஆட்டத்தை இது நேர்த்தியாகவே தீர்க்கிறது: அடிப்படிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்குப் பாதி ஓடினாலும், அவருக்கேற்ப ஆடுபவருக்கு 11தான் லாபம், அங்கிருந்து எல்லாப் படியும் வலப்பக்கம். அணி, சட்டகம், பரஸ்பர உறுதி எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டில் எது உண்மை? நிக் பார்ட்ஸ்லி, மேத்தா, ஸ்டார்மர், சக்டன் 2010இல் இரண்டு சோதனைகளை ஒன்றாக வெளியிட்டார்கள். ஒன்று அணிச்சிந்தனையை வலுவாக ஆதரித்தது. மற்றது படிக்கட்டுக் கோட்பாட்டை. சூழலைப் பொறுத்து மக்கள் வேறுவேறு விதமாக யோசிக்கிறார்கள் என்பதே அவர்கள் வந்த முடிவு. அணிச்சிந்தனையை உருவாக்கியவர்களில் ஒருவரான சக்டனே தன் கோட்பாட்டுக்கு எதிரான முடிவையும் அதே கட்டுரையில் அச்சிட்டது எனக்குப் பிடித்த விஷயம். அந்த முடிவு பக்கராக்குக்குப் பாதகம் என்றும் நான் நினைக்கவில்லை. சட்டகம் எப்போதும் எழும் என்று அவர் சொல்லவேயில்லை.

இந்தப் பிரச்சினை இப்போது பொருளாதாரத் துறையைத் தாண்டி இயந்திரங்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹனாபி என்று ஒரு சீட்டு விளையாட்டு, அந்துவான் போசா 2010இல் உருவாக்கியது. உங்கள் கையில் உள்ள சீட்டு உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் எதிரியல்ல. அளவான குறிப்புகளைக் கொடுத்து, ஐந்து நிறங்களையும் வரிசையாக அடுக்கி, எல்லோருமாகச் சேர்ந்து 25 புள்ளி எடுக்க வேண்டும். தன் பிரதியுடனேயே ஆடிப் பழகிய கணினி நிரல்கள் இதில் அபாரமாக ஆடின. ஆனால் தனியாகப் பயின்ற இன்னொரு நிரலோடு உட்காரவைத்தால் சொதப்பின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரகசிய மொழியை வளர்த்துவைத்திருந்தது. சிவப்பு என்று ஒன்று சொன்னால் ‘ஓரச் சீட்டைப் போடு’ என்று அதன் பிரதிக்குத்தான் புரியும்.

இதைச் சரிசெய்ய ஹெங்யுவான் ஹு, ஆடம் லெரர், அலெக்ஸ் பெய்சகோவிச், யாகோப் ஃபர்ஸ்டர் 2020இல் ஒரு முறையை முன்வைத்தார்கள். அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஆட்டம் ஷெல்லிங்கும் பக்கராக்கும் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள். பத்து நெம்புகோல்கள். முன்பின் அறியாத இருவரும் ஒரே கோலை இழுத்தால்தான் பரிசு. ஒன்பது கோல்களுக்குப் பரிசு 1. பத்தாவதற்கு மட்டும் 0.9. தன் பிரதியுடன் பழகும் நிரல் ஒன்பதில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு 1 எடுக்கும். அந்நியரோடு ஆடினால் அதே கோலில் சந்திக்க ஒன்பதில் ஒரு வாய்ப்புதான், சராசரி 0.11. புதிய முறையில், கோல்களின் பெயர்களைக் கலைத்துப் போட்டாலும் தாக்குப்பிடிக்கும் விதியைத்தான் நிரல் தேட வேண்டும். அப்போது ஒன்பது கோல்களுக்கும் ஒன்றுக்கொன்று அடையாளமே இல்லாமல் போகிறது, அடையாளம் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஆகவே அது பரிசு குறைந்த பத்தாவது கோலை இழுக்கிறது.